பிளஸ் ஒன் முதல் தொகுதியும் அமெரிக்க ப்ரீகால்குலஸும்

அமெரிக்காவில் பலர் கல்லூரிக்குப் போன பிறகுதான் சைன், கொசைன் வரைபடம் போடப் பழகுகிறார்கள் என்று சொன்னால், திருவேற்காட்டில் பிளஸ் ஒன் ஃபர்ஸ்ட் குரூப் படிக்கும் பிள்ளைக்குச் சிரிப்புதான் வரும். அதையெல்லாம் பதினாறு வயதிலேயே பார்த்தாயிற்றே! அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நியாயம் உண்டா என்பது இரண்டு ஆண்டு கழித்து, பொறியியல் முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் தெரிந்துவிடும்.

நுண்கணிதத்துக்குள் நுழையுமுன் கையில் இருக்க வேண்டிய சரக்கு எங்கும் ஒன்றுதான்: சார்புகள், இயற்கணிதம், மடக்கை, முக்கோணவியல், வரைபடம். அமெரிக்காவில் இதற்கு ப்ரீகால்குலஸ் என்று பெயர். பள்ளியிலும் உண்டு, கல்லூரியிலும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்துக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், மாணவனிடம் யார் எதை எதிர்பார்க்கிறார்கள், அது நிறைவேறியதா என்று யார் பார்க்கிறார்கள் என்பது தெளிவாகும்.

பாடம்

2018-19இல் வந்த பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்துக்கு இரண்டு தொகுதிகள், பன்னிரண்டு பாடங்கள். முதல் தொகுதியின் ஆறு பாடங்களும் ஏறக்குறைய முழு ப்ரீகால்குலஸ்: கணங்கள், தொடர்புகள், சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும், ஈருறுப்புத் தேற்றமும் தொடர்களும், இரு பரிமாணப் பகுமுறை வடிவியல். இரண்டாம் தொகுதியில் அணிகள், வெக்டர் முடிந்ததும் எல்லை, வகையிடல், தொகையிடல் என்று நுண்கணிதமே தொடங்கிவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துவதை நாம் அரை ஆண்டில் முடித்து, மீதி அரை ஆண்டில் அடுத்த படிக்கும் ஏறிவிடுகிறோம்.

அங்கே பல கல்லூரிகள் பயன்படுத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இலவசப் பாடநூலிலும் பொருளடக்கம் இதை ஒட்டியே போகிறது. ஆனால் அழுத்தம் வேறு. அவர்கள் ஒவ்வொரு சார்பையும் வரைபடமாகப் பார்க்கச் சொல்கிறார்கள்; அடுக்கு, மடக்கைச் சார்புகளுக்குத் தனி இடம் தருகிறார்கள்; துருவ ஆயங்களில் வளைவரை போடவைக்கிறார்கள். நாம் நிறுவச் சொல்கிறோம், சுருக்கச் சொல்கிறோம், விரிக்கச் சொல்கிறோம்.

நம் மாணவனுக்கு வரும் கேள்வி இப்படி இருக்கும்: ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் இருமடங்காக்கி அவற்றின் சைன்களைக் கூட்டினால், அது மூலக் கோணங்களின் மூன்று சைன்களைப் பெருக்கி நான்கால் பெருக்கியதற்குச் சமம் என நிறுவுக. பழகிய கைக்கு ஏழெட்டு வரி. அமெரிக்க மாணவனுக்கு வரும் கேள்வி: ராட்டினத்தின் விட்டம் 40 மீட்டர், அதன் அடிப்புள்ளி தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், ஒரு சுற்றுக்கு 6 நிமிடம். அடியில் ஏறியவரின் உயரத்தை நேரத்தின் சார்பாக எழுதுக. ஒரு சுற்றில் அவர் 32 மீட்டருக்கு மேல் எவ்வளவு நேரம் இருப்பார்? நடுமட்டம் 22 மீட்டர், வீச்சு 20 மீட்டர், ஆறு நிமிடத்தில் ஒரு முழு அலை. கீழிருந்து தொடங்குவதால் கொசைனைக் கழிக்க வேண்டும். விடை 2 நிமிடம், இரண்டாவது நிமிடத்திலிருந்து நான்காவது நிமிடம் வரை.

முதல் கேள்வியில் அமெரிக்கப் பிள்ளை தடுமாறும், இரண்டாவதில் நம் பிள்ளை தடுமாறும். நம் புத்தகத்தில் நடைமுறைக் கணக்குகள் இல்லாமல் இல்லை. ஆனால் எதைப் படித்தால் எவ்வளவு மார்க் வரும் என்று கணக்குப் போட்டுப் படிக்கும் இடத்தில் அவற்றுக்கு முறை வருவது கடினம்.

யாருக்கு இடம்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியின் வாசல் அகலம். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 அரசுக் கல்லூரிகள். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த சிலிக்கான் பள்ளத்தாக்கில் கூப்பர்டினோவின் டி அன்சா கல்லூரி அவற்றில் ஒன்று. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் ராணுவத்திலிருந்து திரும்பியவரோ, நாற்பது வயதில் வேலை மாற நினைப்பவரோ உட்கார்ந்திருக்கலாம். பள்ளியில் கணக்கைக் கோட்டை விட்டவருக்கும் மறுபடி ஒரு வழி உண்டு.

நம் ஊரில் முடிவு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எடுக்கப்படுகிறது. எந்த குரூப் என்று பள்ளி அலுவலகத்தில் படிவத்தை நிரப்பும்போது பிள்ளைக்கு வயது பதினைந்து. காமர்ஸ் பக்கம் போய்விட்டால் முதல் தொகுதியை மறுபடி படிக்க ஊரில் ஒரு வகுப்பும் கிடையாது. திருவேற்காட்டில் இருபத்தைந்து வயது ஆள் முக்கோணவியலைப் புதிதாகக் கற்க ஆசைப்பட்டால் ட்யூஷன் மாஸ்டரையோ யூடியூப்பையோதான் நாட வேண்டும். இந்த விஷயத்தில் அமெரிக்க ஏற்பாடு மேலானது. அதில் சந்தேகமே இல்லை.

எதிர்பார்ப்பு

அமெரிக்கக் கல்லூரி வகுப்பின் முதல் நாள் கையில் வருவது சிலபஸ் என்ற தாள். அதில் பாடப்பட்டியல் சிறு பகுதிதான். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை சதவீதம், இடைத்தேர்வுக்கு எத்தனை, இறுதித்தேர்வுக்கு எத்தனை, தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும், ஆசிரியர் எந்த நாளில் எந்த நேரத்தில் தன் அறையில் சந்தேகம் கேட்க வருபவர்களுக்காகக் காத்திருப்பார், எந்தத் தேதிக்குள் பாடத்தை விட்டு விலகலாம் என்று எல்லாம் எழுதியிருக்கும். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது அங்கே கிரெடிட் கணக்கின் அடிப்படை. நான்கு கிரெடிட் பாடம் என்றால் வாரம் பன்னிரண்டு மணி நேரம். வீட்டுப்பாடம் பெரும்பாலும் கணினி வழியே. தவறினால் எண்களை மாற்றி மறுபடி கேட்கும். அடுத்த பாடத்துக்குப் போகக் குறைந்தது ‘சி’ கிரேடு வேண்டும். பல வகுப்புகளில் அதற்கு எழுபது சதவீதம் எடுக்க வேண்டும்.

நம் தேர்வு ஒரே நாளில் முடிகிறது. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. ஒரு மார்க் கேள்விகள் இருபது. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு. மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு. ஐந்து மார்க்கில் ஏழு, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. தேர்ச்சிக்கு 35. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் ஒரு கேள்வி கட்டாயம் என்றாலும், இந்த அமைப்பில் சாய்ஸ் தாராளம். புக் பேக் ஒரு மார்க்கை உருப்போட்டு, பிடித்த பாடங்களை நன்றாகப் படித்து, மூன்று நான்கு பாடங்களைத் தொடாமலே கௌரவமான மார்க் வாங்கிவிடலாம். அப்படி விடுபடும் பாடங்கள் எவை என்று எந்த மார்க் ஷீட்டும் சொல்லாது.

அமெரிக்க முறையிலும் ஓட்டை இருக்கிறது. வீட்டுப்பாடத்தைக் கைப்பேசிச் செயலியில் படம் பிடித்தால் விடை படிப்படியாக வந்துவிடும். வாராவாரம் முழு மார்க், இடைத்தேர்வில் பூஜ்யத்துக்குப் பக்கம் என்பது அங்கே ஆசிரியர்கள் அன்றாடம் காணும் காட்சி. கால்குலேட்டரே வரைபடம் போட்டுத் தரும் வகுப்புகளில் கைக்கணக்கு பலவீனமாகிறது. கால்குலேட்டர் இல்லாமல் தேர்வெழுதிப் பழகிய நம் பிள்ளைக்கு அந்தப் பலவீனம் குறைவு.

முதல் தொகுதியை யார் எண்ணினார்கள்?

பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் என்பது பெயருக்குத்தான் இருந்தது. இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடமே ஓடியது. பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகு, பிளஸ் டூ கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற 200 கட்-ஆஃப்தான் எல்லாமே. அதில் பிளஸ் ஒன்னுக்கு இடமில்லை. இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் அரசு 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து 1200 என்று முதலில் அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விக்கு பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். தேர்வு இருந்தது, அதன் மார்க்குக்கு மதிப்பு இல்லை. தவறினாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம், துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வும் போனது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க என்று சொல்லப்பட்ட காரணத்தை மறுக்க முடியாது. தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு கடுமையான சுமைதான். ஆனால் முதல் தொகுதியைப் பள்ளி நடத்தியதா என்று வெளியிலிருந்து பார்த்த ஒரே கண் அதுதான்.

விந்தை என்னவென்றால், ஏறக்குறைய அதே சமயத்தில் கலிஃபோர்னியாவும் தன் ப்ரீகால்குலஸ் வகுப்பைச் சுருக்கத் தொடங்கியது. 2022இல் வந்த ஏபி 1705 என்ற சட்டத்தின்படி, அறிவியல், பொறியியல் பக்கம் போகும் பெரும்பாலான மாணவர்களை 2025 இலையுதிர் பருவம் முதல் நேராகக் கால்குலஸிலேயே சேர்க்க வேண்டும். பள்ளியில் அடித்தளம் போதாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. முன்பாடங்களின் வரிசை நீள நீள, வழியிலேயே கழன்றுகொள்பவர்கள் பெருகுகிறார்கள் என்பது சட்டத்தின் தர்க்கம். ஆய்விலும் அதற்கு ஆதாரம் இருந்தது. ஹார்வர்டின் கெர்ஹார்ட் சோனெர்ட், ஃபிலிப் சாட்லர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் ப்ரீகால்குலஸ் எடுத்தவர்கள் அதே பின்னணி கொண்ட மற்றவர்களைவிடக் கால்குலஸில் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகச் செய்யவில்லை என்று கண்டார்கள். கணித ஆசிரியர்கள் பலர் சட்டத்தை எதிர்த்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை.

இரண்டு இடங்களிலும் தடுப்பு எடுக்கப்பட்டது. ஆனால் எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. கலிஃபோர்னியாவில் கால்குலஸோடு கூடவே துணை வகுப்பு, உதவி ஆசிரியர், கூடுதல் மணி நேரம் என்று முட்டுக்கொடுக்க முயல்கிறார்கள். அது போதுமா என்பது இனித்தான் தெரியும். நம் பக்கம் பள்ளித் தேர்வு இருக்கிறது, பள்ளியின் மனசாட்சி இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கடன் எங்கே வசூலாகிறது

திருவேற்காட்டில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி 1998 முதல் இருக்கிறது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் போனால் இன்னும் பல கல்லூரிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயர் மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ் என்று இருந்தது, நான்கு கிரெடிட். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 சதவீதம்.

அந்தப் பாடத்தில் மாணவன் எங்கே விழுகிறான் என்று பார்த்தால் முதல் தொகுதி கண்முன் வரும். ஐகன் மதிப்பு காண, மூன்றாம் படிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்த வேண்டும். அது அடிப்படை இயற்கணிதம். சைன் வர்க்கத்தைத் தொகையிட இருமடங்குக் கோண வாய்பாடு வேண்டும்; அது முக்கோணவியல். விகிதமுறு சார்பைத் தொகையிடப் பகுதிப் பின்னங்கள் வேண்டும். அதுவும் முதல் தொகுதிதான். இரட்டைத் தொகையீட்டில் வரிசையை மாற்ற, பரவளையத்துக்கும் நேர்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைப் படமாகப் போடத் தெரிய வேண்டும். கணக்கில் நுண்கணிதம் என்று சொல்லத்தக்கது ஒரு வரி; சறுக்குவது மற்ற ஏழு வரிகளில். அரியர் விழுந்தவன் தனக்கு ‘கால்குலஸ் வரவில்லை’ என்கிறான். பல சமயம் அவனுக்கு வராதது ப்ரீகால்குலஸ்.

ஒப்பிட்டுப் பார்த்ததில் தேறும் முடிவு இதுதான். பாடத்தின் ஆழத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. நிறுவும் பயிற்சியில் ஒரு படி மேலேகூட இருக்கிறோம். அமெரிக்க வகுப்பிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பாடத்தை அல்ல, வாராவாரம் பார்க்கும் பழக்கத்தை. பொறியியல் முதலாண்டு தொடங்கும்போது இண்டக்‌ஷன் புரோகிராம் என்று நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. அதில் ஒரு காலையை எடுத்து, மார்க் ஷீட்டில் ஏறாத ஒரு சோதனைத் தாளைக் கொடுக்கலாம்: பகுதிப் பின்னம், மடக்கை விதி, கூட்டுக்கோணம், மூன்றாம் படிக் காரணி, நான்கு வளைவரைகள். விழுந்த இடத்தை வைத்து மாணவர்களைப் பிரித்து, வாரம் ஒரு மணி நேர ட்யுட்டோரியலை அதற்கே செலவிடலாம். அந்த ஒரு மணி நேரம் ஏற்கனவே கால அட்டவணையில் இருக்கிறது.

கல்லூரி செய்யாவிட்டால் மாணவனே செய்துகொள்ளவும் வழி உண்டு. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது. பாடநூல் கழகத்தின் முதல் தொகுதியும் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகமும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. நிறுவும் கணக்குகளை முன்னதிலும், வரைபடக் கணக்குகளைப் பின்னதிலும் போடலாம். எங்கே தொடங்குவது என்பதைப் பிளஸ் ஒன்னில் சாய்ஸில் விட்ட பாடங்களே சொல்லிவிடும்.