முழுநேரப் பொறுப்பும் பகுதிநேர ஊதியமும்: கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் (1816–1982)

தாமிரபரணிக் கரையில் அமைந்த ஏரலில், ஆடி அமாவாசையன்று பெருங்கூட்டம் சேர்மன் அருணாசல சுவாமியை வழிபடக் கூடுகிறது. 1908-இல் மறைந்த ஓர் உள்ளாட்சித் தலைவரின் பதவிப்பெயரே இங்குத் தெய்வப்பெயராக நிலைத்துவிட்டது. அதே காலத்தில் இப்பகுதியின் வருவாய் நிருவாகத்தை அன்றாடம் சுமந்த கிராம முன்சீப்பும் கர்ணமும் அவ்வாறு நினைக்கப்படவில்லை. அவர்தம் பணிக்கு அரசு அளித்த ஊதியம் பொறுப்புக்கு ஏற்றதாக இருந்ததா என்பதே இக்கட்டுரையின் வினா.

1816-ஆம் ஆண்டின் நான்காம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த்தலைவரைக் கிராம முன்சீப்பாக்கிச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தை வழங்கியது. வரி தண்டலும் அவர் கடமை. கொலையோ ஐயத்திற்குரிய மரணமோ நிகழ்ந்தால் எந்நேரமாயினும் தகவல் தரவேண்டியவரும் அவரே. கணக்கு முழுவதும் கர்ணத்தின் கையில் இருந்தது. ஏரல் வட்டாரம் போன்ற ஆற்றுப்பாசன ஊர்களில் கார், பிசானம் என இரு போகத்தையும் வயல் வயலாகப் பார்த்து அடங்கலில் பதியவேண்டும், சிட்டாவைத் திருத்தவேண்டும், ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கை ஒப்புவிக்கவேண்டும். தவறு நேர்ந்தால் மேலதிகாரியின் கண்டனம் முதலில் வந்து சேரும் இடமும் அவரே.

தொடக்கத்தில் மானிய நிலமும் விளைச்சலில் பெறும் சுதந்திரமுமே இவர்களின் வருவாய். 1864-ஆம் ஆண்டின் கிராம வரிச் சட்டம் பணச்சம்பளத்திற்கு வழிவகுத்தது. நிலத்திலிருந்து பணத்திற்கு மாறிய இம்மாற்றம் நிருவாக வரலாற்றில் முன்னேற்றமாகவே எழுதப்படுகிறது. ஆயினும் விளைச்சலோடு உயர்ந்த பங்கு மறைந்து, விலைவாசிக்கேற்ப உயராத சிறுதொகை அவ்விடத்தில் அமர்ந்ததையும் சேர்த்தே எண்ணவேண்டும். 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் பதவியைக் குடும்ப உரிமையாக உறுதிசெய்தது. குறைந்த ஊதியத்தை அரசு பரம்பரை மதிப்பால் ஈடுசெய்துகொண்டது எனலாம்.

இவ்வேற்பாட்டிற்கு வெளியே நின்ற ஊர்மக்களுக்கு அதுவே அநீதி. நிலவுடைமையும் எழுத்தறிவும் பெற்ற சில குடும்பங்களே தலைமுறையாகக் கணக்கை ஆண்டன. கசுலா தசரத ராமராவ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், 1960-இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை நியமனம் அரசமைப்பின் 16-ஆம் கூற்றுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 1968-இல் சென்னை மாநிலம் பழைய சட்டங்களை நீக்கியது. 1970 டிசம்பர் 16 முதல் கிராம அலுவலர் பணி விதிகள் நடைமுறைக்கு வந்தன. பரம்பரை நீங்கியும் ‘பகுதிநேரம்’ என்னும் சொல் நீங்கவில்லை. அச்சொல்லே ஓய்வூதியத்திற்குத் தடையாயிற்று.

ஆர். ஏ. கோபாலசாமி தலைமையிலான நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 1973-இல், பகுதிநேரப் பதவிகளுக்கு மாற்றாக இடமாற்றத்திற்குரிய முழுநேர அலுவலர்களைப் பரிந்துரைத்தது. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 முதல் அவசரச் சட்டத்தால் பதவிகளை ஒழித்தது. 1981-இல் அது சட்டமாயிற்று. கிராம நிருவாக அலுவலர் என்னும் புதிய பதவி ஊதிய விகிதத்தோடும் தேர்வாணையத் தேர்வோடும் தோன்றியது. செய்யும் வேலை பெரிதும் பழையதே. அவ்வாறாயின் பழைய ஊதியம் போதாது என்பதைப் புதிய ஊதிய விகிதத்தின் மூலம் அரசே ஒப்புக்கொண்டதாகக் கருதலாம்.

கே. இராஜேந்திரன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், பதவி ஒழிப்பு 311-ஆம் கூற்றின்படியான பணிநீக்கம் ஆகாது என 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறிச் சட்டத்தை ஏற்றது. குறைந்தபட்சக் கல்வித்தகுதி உடையோரைப் பரிசீலித்துப் புதிய பதவியில் நியமிப்பதாக அரசு உறுதியளித்தது. தகுதிக்கான சான்றிதழ் இல்லாத முதியவரின் பல்லாண்டு அடங்கல் அனுபவம் இவ்வளவுகோலில் இடம்பெறவில்லை. முன்னாள் கிராம அலுவலர்களுக்குத் தனி ஓய்வூதியம் வழங்கப்பட்டது பிற்காலத்தில்தான். அதற்குள் அவர்களுள் பலர் முதுமையை எட்டியிருந்தனர்.