வதந்தியும் எங்கள் உயிரும்

சுவிசில் ஒவ்வொரு வருடமும் மாசி மாதத்து முதல் புதன்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கு ஊதும். சோதனைதான். இங்கே கனகாலம் இருக்கிற உங்களுக்கு இது புதினமில்லை. ஆனால் 2014 இல், நான் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் மாசியில், அந்தச் சத்தம் கேட்டதும் மெசினை அப்படியே விட்டுவிட்டு மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, முதலே அறிவித்த சோதனை என்று விளங்கப்படுத்தினார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. ஆபத்து வந்தால் யார் சொல்வது, யாரை நம்புவது என்று இந்த நாட்டுச் சனத்துக்குத் தெரிந்திருக்கிறது. எங்கட நாட்டிலே அது இல்லாததால் எத்தனை உயிர் போனது!

1958 வைகாசிக் கலவரத்தை எடுங்கள். பாணந்துறையைச் சேர்ந்த ஒரு சிங்கள ஆசிரியையை மட்டக்களப்பில் தமிழர் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதை பரவியது. பாணந்துறைக் கோயில் ஐயரை உயிரோடு எரித்தார்கள். பிறகு விசாரித்தால், அப்படி ஒரு ஆசிரியை மட்டக்களப்பில் படிப்பிக்கவே இல்லை. சிங்களப் பத்திரிகையாளர் தாசி வித்தாச்சி இவற்றையெல்லாம் 'எமர்ஜென்சி 58' என்ற புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகத்தை இலங்கையில் தடை செய்தார்கள்.

பெரிய இடமும் பிழைவிட்டது. வைகாசி 26 இல் பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியில் பேசும்போது, கிழக்கில் செனவிரத்ன என்பவர் கொல்லப்பட்டதைக் கலவரத்துக்குக் காரணமாகக் காட்டினார். அவர் சுடப்பட்டது 25 ஆம் திகதி. பொலன்னறுவையில் அடி தொடங்கியதோ 22 ஆம் திகதி!

அடுத்தது 1983 யூலை 29, வெள்ளிக்கிழமை. என் அப்பா அப்போது கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை முதல் ஒரு சிங்களக் குடும்பம் அவரை ஒளித்து வைத்திருந்தது. கொஞ்சம் அடங்கிவிட்டது என்று நினைத்து வெள்ளி காலை கடையைப் பார்க்கப் புறக்கோட்டைக்குப் போனார். திடீரென்று "கொட்டி ஆவா", புலி வந்திட்டுது என்று கத்திக்கொண்டு சனம் ஓடியது. "புலிக்குப் பயந்து ஓடின சனத்துக்கு நடுவிலே நானும் ஓடினன். வாய் திறந்தால் தமிழன் எண்டு தெரிஞ்சிடும்" என்று அப்பா சொல்வார். புலி வரவேயில்லை. பயம் கோபமாக மாறியது. அன்றைக்கும் தமிழர்கள் தெருவில் கொல்லப்பட்டார்கள். அந்தச் சிங்களக் குடும்பம் திரும்பவும் கதவைத் திறந்தபடியால்தான் அப்பா தப்பினார்.

வதந்தி என்பது மற்ற ஆக்களின் வருத்தம் என்று நினைக்காதீர்கள். 2011 ஆவணியில் 'கிறீஸ் பூதம்' என்ற பயம் நாடெங்கும் பரவியது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் சனக்கூட்டத்தால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் சனம் சந்தேகத்தில் இராணுவ முகாம் வரை துரத்திச் செல்ல, இரவோடிரவாக வீடு புகுந்து நூறு பேருக்கு மேல் பிடித்துச் சென்றார்கள். எங்கள் ஊரிலும் நாங்கள் தடியோடு காவல் இருந்தோம். ஒரு இரவு இருட்டில் வந்த ஒருவரை வளைத்து, நானும் தடியை ஓங்கிவிட்டேன். ஒருவன் டோர்ச் அடித்தான். எனக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார்! பஸ் பிந்தி நடந்து வந்திருக்கிறார். அந்த முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

எங்களுக்குப் பொலிசில் நம்பிக்கை இல்லை, இராணுவத்தில் அறவே இல்லை. கேட்டறிய இடமில்லாத ஊரில் வதந்திதான் செய்தி வாசிக்கும்.

இங்கே கேட்டறிய இடம் இருக்கிறது. சோதனை நாள் அல்லாமல், ஒரு நிமிடம் ஏறி இறங்கி அபாயச் சங்கு ஊதினால் வானொலியைப் போடுங்கள். டொச் தெரியாத அயல் வீட்டு அம்மா, ஐயாவுக்கும் சொல்லுங்கள். ஆனால் தொலைபேசியில் ஒரு பயங்கரச் செய்தி வந்தால், மற்றவருக்கு அனுப்ப முதல் கேளுங்கள்: யார் சொன்னது? அவர் கண்ணால் கண்டவரா? எப்ப, எங்கே?

ஒருக்கால் டோர்ச் அடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் செல்லும்?