கைத்தொலைபேசி இலக்கம் மாறினால் வருமானவரிக் கணக்குக்குள் போவது எப்படி?

2020 ஆகஸ்டில், வேறு இணையத்தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு கனடா வருமானவரி முகவரகத்தின் (சி.ஆர்.ஏ.) ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அதற்குப் பிறகுதான் "மை அக்கவுண்ட்" எல்லோருக்கும் இரண்டாவது பூட்டு வந்தது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் சிக்கல் இங்கேதான். கணக்கு அம்மாவுடையது, பதிந்திருப்பதோ மகனின் இலக்கம். மகன் மலிவான திட்டம் கண்டு இலக்கத்தை மாற்றுவார், அம்மாவின் கணக்கு பூட்டிக்கொள்ளும். விட்ட பழைய இலக்கம் பிறகு வேறொருவருக்குப் போகும் என்பதையும் யோசிப்பதில்லை.

முன்பே இரண்டாவது வழி ஒன்றைப் பதிந்திருந்தால் அதைத் தெரிவு செய்து உள்ளே போகலாம். 2025 முதல் சி.ஆர்.ஏ. தானாகவே அப்படியொரு மாற்று வழியைப் பதியச் சொல்கிறது. அது இல்லையென்றால் 1-800-959-8281 என்ற இலக்கத்துக்கு எடுக்க வேண்டும். கணக்குக்கு உரியவரே பேச வேண்டும். சின் இலக்கம், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றோடு கடைசியாக வந்த வரி மதிப்பீட்டுக் கடிதத்தையும் வரிப்படிவத்தையும் பக்கத்தில் வைத்திருங்கள். படிவத்தின் குறிப்பிட்ட வரியில் என்ன தொகை என்று கேட்பார்கள். ஆளை உறுதிசெய்த பின் பழைய இலக்கத்தை நீக்கிவிடுவார்கள். அடுத்தமுறை அதே கடவுச்சொல்லால் நுழைந்து புதிய இலக்கத்தைப் பதியலாம். மார்ச், ஏப்ரலில் காத்திருப்பு நீளம், முடிந்தால் அதற்கு முன்பே எடுங்கள்.

தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஸ்காபரோவில் மூன்று பேஸ்மென்ட் மாறியவரின் முகவரி சி.ஆர்.ஏ.யில் முதல் பேஸ்மென்டிலேயே நிற்கும். அகதிக் கோரிக்கைக் காலத்தில் 9 இல் தொடங்கும் தற்காலிக சின் வைத்திருந்தவர்கள், நிரந்தர இலக்கம் கிடைத்த பின்னும் பழையதையே சொல்வார்கள். பெயரையும் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பது எங்களுக்குச் சின்ன விடயம், கணினிக்கு அப்படியில்லை.

கணக்கு பூட்டியிருப்பதால் வரி பதிவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடதாசியிலோ கணக்காளர் மூலமோ பதியலாம். ஜி.ஐ.எஸ். பெறும் முதியவர்கள் ஏப்ரல் 30 க்குள் பதியாவிட்டால் ஜூலையில் அந்தப் பணம் நின்றுவிடக்கூடும். ஆனால் மின்னஞ்சல் அறிவித்தலுக்குப் பதிந்தவர்களுக்குப் பெரும்பாலான கடிதங்கள் தபாலில் வராது, கணக்குக்குள்தான் கிடக்கும். அதனால் திறக்கும் வேலையையும் விட்டுவிட முடியாது.

வாட்ஸ்அப்பில் "கணக்குத் திறந்து தருகிறோம்" என்பவர்களிடம் போகவேண்டாம். குறியீட்டை எவருக்கும் சொல்லவேண்டாம், என்னைப் போன்ற கணக்காளருக்கும்தான். கணக்காளரை உங்கள் பிரதிநிதியாகப் பதிந்துவிட்டால் அவர் தன் சொந்த நுழைவால் உங்கள் விபரங்களைப் பார்ப்பார், உங்கள் குறியீடு அவருக்குத் தேவையே இல்லை.

மாற்று வழிகளில் வயதானவர்களுக்கு நான் சொல்வது "பாஸ்கோட் கிறிட்". எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு கட்டம். கணக்குக்குள் இருந்து எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். நுழையும்போது சில கட்டங்களில் என்ன இருக்கிறது என்று கேட்கும், பார்த்து எழுதினால் போதும். யாழ்ப்பாணம் போய் அங்கத்தைய சிம் போட்டிருக்கும் மாதங்களிலும் அது வேலை செய்யும். கடவுச்சொல் எழுதிய கொப்பிக்குள் மட்டும் அதை வைக்காதீர்கள்.