கோச்சி விட்டுப்போன மேடு

வன்னியில் சிரமதானத்துக்கு விளக்கம் தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம் நாள் குறிக்கும். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோ கத்தியோ எடுத்துக்கொண்டு வருவார். மதியத்துக்குள் வாய்க்கால் துப்புரவாகிவிடும். ரயில் மேட்டுக்கும் விளக்கம் வேண்டாம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஏ9 வீதிக்குத் துணையாக ஓடும் அந்தத் தடத்தை எல்லோரும் அறிவோம். இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன பிறக்கும் என்பதைத்தான் நாம் அதிகம் பேசியதில்லை. ரயில் நின்றுபோன மேடுகளை ஊர்மக்களே திருத்தி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக்கிப் பராமரிக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. அது வந்த வழியில் இந்தியாவும் இலங்கையும் எதிர்பாராத இடங்களில் தலைகாட்டுகின்றன.

1874இல் ஒக்ஸ்போர்டிலிருந்து தொடங்கலாம். கலைப் பேராசிரியர் ஜோன் ரஸ்கினுக்கு ஒரு மனக்குறை. மாணவர்கள் தங்கள் உடல்பலத்தையெல்லாம் படகுப் போட்டியிலும் விளையாட்டிலும் செலவழிக்கிறார்கள். அதில் கொஞ்சம் பிறருக்குப் பயன்படக்கூடாதா? பக்கத்து ஹிங்க்ஸி கிராமத்துக்கு வீதி போட அவர்களை அழைத்துப் போனார். மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கத் தன் தோட்டக்காரரையே வரவழைத்தார். அந்த மாணவர்களில் பின்னாளில் நாடகங்களால் புகழ்பெற்ற ஒஸ்கார் வைல்டும் ஒருவர். வீதி நன்றாக அமையவில்லை, பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் படித்தவன் கையிலும் மண் ஒட்டவேண்டும் என்ற எண்ணம் அந்த வீதியை விட நெடுந்தூரம் போனது.

இதே ரஸ்கினுக்கு ரயில் என்றாலே ஆகாது. டெர்பிஷயரின் மொன்சல் பள்ளத்தாக்கில் 1863இல் எழுந்த ரயில் பாலம் அந்த இடத்தின் அழகையே அழித்துவிட்டது என்று கடுமையாக எழுதினார்.

ஆனால் அவருடைய கருத்து உலகைச் சுற்றியது ரயிலில் ஏறித்தான். 1904இல் ஜொகனஸ்பேர்க் நிலையத்தில் வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி போலக், ரஸ்கினின் பொருளாதார நூல் ஒன்றைக் காந்தியின் கையில் கொடுத்தார். டர்பன் வரையிலான அந்த நீண்ட பயணத்தில் காந்தியால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. 1908இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதி ‘சர்வோதய’ என்று பெயரிட்டார்.

காந்தி அந்த ரயிலில் போன அதே 1904இல், இங்கிலாந்தின் மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடத்தொடங்கியது. அதன் பொறியாளர் எவரார்ட் கால்த்ரோப், மகாராஷ்டிரத்தில் பார்சி சிற்றகல ரயிலை அமைத்தவர். இந்தியாவில் கற்ற வித்தையை அப்படியே கொண்டுபோனார். ஆங்கிலப் புல்வெளிக்கு நடுவே, இந்திய வண்டிகளின் சாயலில் பெரிய முன்விளக்கு வைத்த இயந்திரங்கள் பால் ஏற்றிக்கொண்டு திரிந்தன. நம் களனிப் பள்ளத்தாக்கு ரயிலும் முதலில் அதே இரண்டரை அடிதான். பாலை லொறிகள் எடுத்துக்கொண்டதும் மேனிஃபோல்ட் ரயிலுக்கு வேலை போயிற்று, 1934இல் நின்றது. வெறும் தடத்தைக் கையில் வாங்கிய மாவட்ட சபை, 1937இல் அதை நடைபாதையாகத் திறந்துவிட்டது. ரயில் தடம் திட்டமிட்டு நடைபாதையான ஆரம்பகால உதாரணங்களில் அது ஒன்று. ஆக, இந்த வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்றுக்குப் பாட்டன் வீடு பார்சி!

ரயில் தடம் கால்களுக்கு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது? இயந்திரத்துக்கு ஏற்றம் ஆகாது. அதனால் பள்ளத்தை நிரப்பி, மேட்டை வெட்டி, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கொடுத்து உழைத்து மட்டப்படுத்துகிறார்கள். ரயில் போனபின் அந்த மட்டம் சைக்கிளுக்கும், சக்கர நாற்காலிக்கும், முழங்கால் நோகும் முதியவர்களுக்கும் சொத்தாகிறது.

அமெரிக்காவில் இது ஒரு கடிதத்தால் தொடங்கியது. சிக்காகோவுக்கு மேற்கே ஒரு மின்சார ரயில் கைவிடப்பட்டுக் கிடந்தது. மே வாட்ஸ் என்ற தாவரவியல் ஆசிரியை 1963இல் ‘சிக்காகோ ட்ரிபியூன்’ பத்திரிகைக்கு எழுதினார்: தாமதித்தால் புல்டோசர் முந்திவிடும், இதைப் பாதையாக்குவோம். ஊர்க்காரர்கள் சங்கம் கூட்டினார்கள். இலினோய் பிரெய்ரி பாதை பிறந்தது. பக்கத்து விஸ்கொன்சின் மாநிலம் 1967இல் எல்ரோய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையில் 32 மைல் தடத்தை, மூன்று சுரங்கங்களோடு, சைக்கிள்காரருக்குத் திறந்தது. பிரித்தானியாவில் 1963இன் பீச்சிங் அறிக்கைக்குப் பின் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதை மூடப்பட்டது. பிரிஸ்டல் நகரில் 1977இல் சேர்ந்த ஒரு சைக்கிள் குழு, ஜோன் கிரிம்ஷோவின் முன்முயற்சியில், பாத் நகர் நோக்கிய பழைய தடத்தில் 1979இல் தொண்டர்களோடு இறங்கியது. 13 மைலும் முடிய 1986 ஆயிற்று. ரஸ்கின் ஏசிய மொன்சல் தடமோ 1968இல் ரயிலை இழந்து 1981இல் நடைபாதையானது. அந்தப் பாலத்தை இப்போது அழகு என்று சொல்லிப் படம் எடுக்க வருகிறார்கள்.

இந்தத் தொண்டர்கள் என்ன செய்கிறார்கள்? வன்னி விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். மேட்டைக் கொல்வது தண்ணீர். மதகு அடைபட்டால் ஒரு பக்கம் குளமாகும். ஒரே மழையில் மேடு அரித்துப்போகும். ஆகவே முதல் வேலை மதகும் வடிகாலும், அடுத்தது பற்றை வெட்டுவது, மேற்பரப்பு கடைசியில்தான். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும்; பதினைந்தாம் வருடத்து மதகுக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் ஒரு பாதையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

காந்தியின் சர்வோதயம் இவற்றுக்கெல்லாம் முன்பே கடல் தாண்டியிருந்தது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப்போய் ஊராரோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார். ஹிங்க்ஸியில் சிரிப்புக்கு இடமான காட்சி இலங்கையில் சிரமதான இயக்கமாக வளர்ந்தது. நம் ஊர்களின் பழைய வாய்க்கால் வேலையும் அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்துகொண்டது.

இனி வன்னி. காங்கேசன்துறைப் பக்கத்துத் துண்டு 1902இல் திறந்தது. 1905 ஆகஸ்டில் காட்டை ஊடறுத்து யாழ்ப்பாணமும் கொழும்பும் இணைந்தன. 1956இல் யாழ்தேவி வந்தாள். 1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின; இரு தரப்பும் எடுத்தன. மேட்டைக் காடு மூடியது, சில பகுதிகளில் கண்ணிவெடி புதைந்தது. வேறு நாடுகளில் தொண்டர்கள் பாதை போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கே மேட்டில் கால் வைக்கவே அஞ்சவேண்டியிருந்தது. அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ரயில் ஒருநாள் திரும்பலாம் என்பதை மனதில் வைத்து, அமெரிக்கச் சட்டத்தில் 1983இல் ஒரு திருத்தம் செய்தார்கள். கைவிட்ட தடத்தைத் துண்டுபோட்டு விற்காமல் பாதையாக வைத்திருக்கலாம். என்றாவது ரயில் வேண்டுமென்றால் திருப்பித் தரவேண்டும். அப்படித் திரும்பிய தடங்கள் அங்கே மிகச் சிலவே. எந்தச் சட்ட ஏற்பாடும் இல்லாத வன்னியில் அது நடந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்டபின், இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையை மீண்டும் போட்டது. 2011 மேயில் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்.

அந்த 2011ஐக் கவனியுங்கள். ஓமந்தைக்கு ரயில் வந்த அதே மே மாதத்தில் மொன்சல் சுரங்கங்கள் நடப்பவர்களுக்குத் திறந்தன. அடுத்த மாதமே, ஜூன் 30ஆம் தேதி, சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாய ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிப்போனார். மலாயாவின் முதல் ரயில் பாதை, 1885இன் தைப்பிங் பாதை, இலங்கையிலிருந்து போன பயனியர் படையின் உழைப்பு. பிறகு அந்த நாட்டு நிலையங்களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் இருந்தார்கள். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முந்திய ஆண்டே தஞ்சோங் பகார் தடத்தைப் பசுமை வழியாக விடும்படி கேட்டிருந்தது. இன்று அது 24 கிலோமீற்றர் நடைபாதை.

வன்னிக்கு அந்த வழி வேண்டாம்; நமக்கு ரயில் வேண்டும். ஆனால் ஓடும் ரயிலுக்குப் பக்கத்திலேயே வேலி பிடித்துப் பாதை வைக்கும் முறையும் அமெரிக்காவில் இருக்கிறது. கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் பள்ளிப் பிள்ளைகள் ஏ9இல் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் சைக்கிள் மிதிக்கிறார்கள். ரயில் ஒதுக்குநிலத்தில் அந்தச் சில கிலோமீற்றருக்கு ஒரு சைக்கிள் தடம் வந்தால் போதும். ரயில்வே திணைக்களத்தின் அனுமதி, உறுதியான வேலி, கடவைகளில் காவல் இவை மூன்றும் அரசு தரவேண்டியவை. பற்றையும் மதகும் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும். மாரி தொடங்குமுன் வாய்க்கால் வெட்டும் நாளோடு இன்னொரு நாளைச் சேர்த்துக் குறித்தால் ஆயிற்று.