மின்வாயா, மின்முனையா? மின்வேதியியற் கலைச்சொற்களின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

சிந்தாதிரிப்பேட்டையின் பெயரே ஒரு சொல்வரலாறு. 1734ஆம் ஆண்டு, ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் வளைவில் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட ஊர் அது. சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்தது என்பர். தறிகள் மறைந்துவிட்டன, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இன்று மின்கலங்களும் மின்தேக்கிகளும் டயோடுகளும் குவியல் குவியலாக விற்கின்றன. அங்குள்ள கடைக்காரர் எவரும் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று சொல்வதில்லை. ‘ப்ளஸ்’, ‘மைனஸ்’ என்றே சொல்கின்றனர். இதனைத் தமிழறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. பாடநூற் சொல் குழப்புமிடத்தில் தெருச்சொல் பிழையின்றி நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் மூலச்சொற்களின் பிறப்பைக் காண்போம். 1834இல் மைக்கேல் ஃபாரடே, கரைசலின் வழியே மின்சாரம் செல்லும்போது நிகழ்வனவற்றை விளக்கப் புதிய சொற்களைத் தேடினார். அதுவரை வழங்கிய ‘துருவம்’ என்ற சொல் அவருக்கு உடன்பாடன்று. துருவம் என்றால் அது காந்தம் போல் இழுக்கிறது என்ற கொள்கை அச்சொல்லுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. இழுப்பதால்தான் பொருள்கள் பிரிகின்றன என்பதை அவர் ஏற்கவில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வில்லியம் ஹியூவெலுக்கு எழுதினார். இருவரும் கடிதவழி ஆய்ந்து முடித்தவையே எலக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு, அயான் முதலியவை. எலக்ட்ரோடு என்பதன் பின்பகுதி ‘வழி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். ஆனோடு மேலேறும் வழி, கேத்தோடு கீழிறங்கும் வழி. புவியின் காந்தத்துக்குக் காரணமான மின்னோட்டம் ஒன்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதாகக் கற்பனை செய்து, ஞாயிறு எழும் பக்கத்தையும் விழும் பக்கத்தையும் ஃபாரடே அடையாளமாகக் கொண்டார். இப்பெயர்களில் நேர், எதிர் என்ற குறி எதுவுமில்லை. மின்சாரத்தின் இயல்பு பற்றிய கொள்கை நாளை மாறினும் பெயர் பொய்யாகிவிடக் கூடாது என்பதே அவர் கருத்து.

தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி இதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே நூல்வடிவம் பெற்றது. யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1875இல் வெளிக்கொணர்ந்த நூல் ‘கெமிஸ்தம்’, தலைப்பே ஒலிபெயர்ப்பு. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடி, 1938இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதி வெளிவந்தது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சார்பை வற்புறுத்தியதும், தமிழறிஞர்கள் எதிர்த்தெழுந்ததும் பலரும் எழுதியவை; இங்கு விரிக்க வேண்டா. அப்பூசல் முழுவதும் சொல் எம்மொழியது என்பதைப் பற்றியது. சொல் எந்தக் கொள்கையைச் சுமக்கிறது என்ற வினா பின்தள்ளப்பட்டது. நம் இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

இன்று எலக்ட்ரோடுக்கு மின்வாய், மின்முனை என இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றே எனக் கொள்வோர் உளர், நான் உடன்படவில்லை. வாய் என்பதற்கு உறுப்பு என்பதோடு வழி, இடம் என்னும் பொருள்களும் உண்டு. கால்வாயிலும் வாயிலிலும் அதுவே நிற்கிறது. ஆகவே மின்வாய், ஃபாரடேயின் சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. முனையோ காந்தத்தின் வடமுனை, தென்முனை என வழங்குவது. ஃபாரடே வெளியேற்றிய துருவத்தைப் பின்கதவால் மீண்டும் அழைத்துவருகிறது அச்சொல்.

அயனிக்கு வேறொரு பேறு வாய்த்தது. கிரேக்கத்தில் ‘செல்வது’ எனப் பொருள்படும் சொல்லின் ஒலிபெயர்ப்பே அது. ஆக்கியோர் கருதினும் கருதாவிடினும், உத்தராயணத்தில் உள்ள ‘அயனம்’ என்ற வடசொல்லும் செல்லுதலையே குறிக்கிறது. இரண்டிற்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றே. ஞாயிற்றின் செலவை வைத்துப் பெயரிட்ட ஃபாரடேக்கு இது மகிழ்ச்சி தந்திருக்கும்!

மின்பகுளி சற்றுப் பழைய கொள்கையின் எச்சம். மின்சாரமே பொருளைப் பகுக்கிறது என்ற எண்ணம் அதில் உறைந்துள்ளது. உப்பு நீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் அவற்றை நகர்த்த மட்டுமே செய்கிறது என்று 1887இல் அரீனியஸ் நிறுவினார். எனினும் கிரேக்க மூலமும் இதே குறையுடையதாதலின், தமிழை மட்டும் பழிப்பது முறையன்று.

உண்மையான தீங்கு நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்னும் இணையில் உள்ளது. தமிழகப் பாடநூல் மரபில் ஆனோடு நேர்மின்வாய் எனப்படுகிறது. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் மின்பகுப்புக் கலத்தில் இது சரி. டேனியல் கலத்தில்? அங்கே துத்தநாகம் எலக்ட்ரான்களை இழப்பதால் ஆனோடு அதுவே. கலத்தின் எதிர்க்குறி உடைய முனையும் அதுவே. ‘நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது’ என்று தமிழ்வழி மாணவர் எழுத வேண்டியுள்ளது. ஆங்கிலவழி மாணவருக்கு இம்முரண் சொல்லளவில் இல்லை.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றும் உண்டு. டேனியல் கலத்தில் எதிர்மின்சுமை கொண்ட சல்பேட் அயனிகள் எதிர்க்குறி உடைய துத்தநாகத்தை நோக்கிச் செல்கின்றன. ஏன் என்று கேட்க வேண்டிய இடம் இது. துத்தநாகம் கரைந்து நேரயனிகளாக வெளிவருவதால் அத்தகட்டை அடுத்த கரைசலில் நேர்மின்சுமை மிகுகிறது. அதனைச் சமன்செய்யவே எதிரயனிகள் அங்கு நகர்கின்றன. உலோகத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான மின்னழுத்த மாற்றம், ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதல் 1924இல் ஸ்டெர்ன் வரை ஆராய்ந்த இரட்டை அடுக்கில், மிகமிக மெல்லிய பரப்பில் முடிந்துவிடுகிறது. தொலைவிலுள்ள அயனிக்கு முனையின் குறி தெரியாது. ‘எதிரயனி நேர்மின்வாய்க்குச் செல்லும்’ என்ற தொடரோ, இழுப்பே காரணம் எனக் காட்டி, எழவேண்டிய கேள்வியை எழாமலே அடக்கிவிடுகிறது.

ரிச்சி தெருவுக்கு மீள்வோம். மீள்மின்னேற்றக் கலத்தின் ‘ப்ளஸ்’ முனை என்றும் ‘ப்ளஸ்’ முனையே. கலம் மின்சாரம் தரும்போது அது கேத்தோடு, மின்னேற்றும்போது ஆனோடு. டயோடின் மேலுள்ள பட்டை கேத்தோடைக் காட்டுகிறது. அலுமினிய மின்பகுளி மின்தேக்கியின் பட்டையோ எதிர்முனையைக் காட்டுகிறது. பின்னதை மாற்றி இணைத்தால் ஆக்சைடு படலம் சிதைந்து, வாயு பெருகி, மின்தேக்கி வெடிக்கும். கடைக்காரர் முனைக்கு ஒரு பெயரும் வினைக்கு வேறு பெயருமாகப் பிரித்தே ஆள்கிறார்.

ஈழத்துப் பாடநூல்கள் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளன. 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்ட நாட்டில் அனோட்டு, கதோட்டு, அயன் என்பனவே மாணவர் அறிந்த சொற்கள். தனித்தமிழ்ப் பற்றுடையார்க்கு இவை உவப்பாகா என்பதை அறிவேன். நானும் மின்வாயைக் கைவிடச் சொல்லவில்லை. ஆக்சிஜனேற்றம் நிகழும் மின்வாயை அனோட்டு என்றும், ஒடுக்கம் நிகழ்வதைக் கதோட்டு என்றும் கொண்டு, நேர், எதிர் என்ற அடைகளைக் கலத்தின் முனைகளுக்கு மட்டும் நிறுத்தலாம். 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில், தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. அடுத்த பாடநூல் திருத்தத்தில் அத்தகைய நிறுவனத்தின் ஆய்வாளரும் சொல்லாய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்த ஓர் இணையையேனும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.