மயில்சிகை எந்தக் குடும்பம்?

ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையை, அனுமன் தூக்கிப்போனதில் உதிர்ந்த துண்டு என்பார்கள். செத்துப் பிழைக்கும் செடி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மயில்சிகை. பாறை இடுக்கிலும் பழைய சுவரிலும் முளைக்கும், ஒரு சாண் உயரம்கூட வராத பெரணி. கோடையில் சருகாகச் சுருண்டு கிடக்கும், மழை பட்டால் மறுபடி விசிறியாக விரியும். பெரணி என்றாலே நாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, ஓடைக்கரை ஈரத்தில்தான் தேடுவோம். இது வெயில்காட்டுப் பிள்ளை.

இதை எங்கே வைப்பது என்பதில்தான் இருநூறு வருஷக் குழப்பம். பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலையின் அடியில் வித்துத்திரள்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் அந்தக்காலத் தாவரவியலாளர்கள் இனம் பிரித்தார்கள். 1801இல் ஸ்வீடனின் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் இதை ஆஸ்பிளீனியம் பேரினத்தில் சேர்த்தார். அதிலும் வித்துத்திரள் கோடு மாதிரி இருக்கும், இதிலும் கோடுதான். ஆனால் ஆஸ்பிளீனியத்தில் கோடு நரம்பையொட்டி ஓடும், மேலே தனிச் சவ்வு மூடியிருக்கும். மயில்சிகையில் கோடு இலை ஓரத்தில். விளிம்பே மடிந்து மூடிக்கொள்கிறது. 1841இல் பெர்லினின் லிங்க் இதைப் பிரித்து ஆக்டினியோப்டெரிஸ் என்று தனிப் பேரினமாக்கினார். சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம், 1863இல் வந்த தன் தென்னிந்தியப் பெரணி நூலிலும் இதைச் சேர்த்திருக்கிறார்.

1962இல் இத்தாலியர் பிச்சி செர்மோலி ஒரு படி மேலே போனார். ஐந்தே சிற்றினங்கள் உள்ள இந்தப் பேரினத்துக்குத் தனிக் குடும்பமே கொடுத்துவிட்டார். விசிறி இலையைப் பார்த்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. இந்த மாதிரி வேறு எது இருக்கு?

பிறகு டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. நெருங்கிய உறவு ஓனிகியம் என்றது. கொத்தமல்லித் தழைபோல நுணுக்கமாகப் பிரிந்த இலை அதற்கு. பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இலையைத் திருப்பிப் பார்த்தால், அங்கேயும் ஓரத்துக் கோடு, மடிந்த விளிம்பு! துப்பு எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. விசிறிதான் கண்ணை மறைத்தது.

2016இல் உலகப் பெரணியியலாளர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டில் 337 பேரினங்கள், 51 குடும்பங்கள். அதில் ஆக்டினியோப்டெரிஸ் டெரிடேசியே என்ற பெருங்குடும்பத்துக்குள் போய்விட்டது. பிச்சி செர்மோலியின் தனிக் குடும்பம் இல்லை. ஆனால் 1962இல் அவர் புதிதாகப் பெயரிட்ட மூன்று சிற்றினங்களும் அப்படியே நிற்கின்றன. அவை பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பக்கம். நம்மூர்க் கரட்டுப் பாறைகளில் விரிவது ஸ்வார்ட்ஸ் பெயரிட்ட அதே ரேடியாட்டா.