டீசல் துகள் வடிகட்டி நீக்கம்

டீசல் துகள் வடிகட்டி நீக்கம் என்பது, டீசல் மகிழுந்தின் புகைபோக்கியில் உள்ள துகள் வடிகட்டியின் உள்ளகத்தை எடுத்துவிட்டு, அது இல்லாமலேயே பொறி இயங்கும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியமைப்பதைக் குறிக்கும். வடிகட்டி அடைத்துக்கொண்ட பழைய மகிழுந்துகளில், புதியது பொருத்துவதற்கு ஆகும் பெருஞ்செலவைத் தவிர்க்கவே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. ஐரோப்பாவில் இவ்வாறு மாற்றப்பட்ட உந்தைச் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. எனினும் நெடுங்காலமாக ஆண்டுச் சோதனைகளில் இது அகப்படாமலே இருந்துவந்தது.

வடிகட்டி செயல்படும் விதம்

வடிகட்டியின் உள்ளகம் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியாகும். இது கார்டியரைட்டு அல்லது சிலிக்கான் கார்பைடால் ஆனது. இதன் குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர் முனைகளில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை, நுண்துளைகள் கொண்ட சுவர்களின் ஊடாகவே வெளியேற முடியும். கரித்துகள் சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி 95 விழுக்காட்டுக்கும் மேலான துகள்களைத் தடுக்கும்.

சேர்ந்த கரி அவ்வப்போது எரிக்கப்பட வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் வெப்பமும் அதிலுள்ள நைட்ரசன் டை ஆக்சைடும் இதனைத் தாமாகவே செய்கின்றன. அது போதாதபோது, பொறி கூடுதல் எரிபொருளைச் செலுத்தி வடிகட்டியின் வெப்பநிலையை ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு உயர்த்துகிறது. குறுந்தொலைவே ஓடும் மகிழுந்தில் இச்செயல் பாதியில் நின்றுவிடுவதால் கரி சேர்ந்துகொண்டே போகும். எரியாத கூடுதல் டீசல் பொறி எண்ணெயில் கலந்து அதனை நீர்க்கச் செய்வதும் உண்டு. இவை தவிர, பொறி எண்ணெயின் சேர்பொருள்களிலிருந்து உண்டாகும் சாம்பல் எரியாது. வடிகட்டியைக் கழற்றித் தூய்மை செய்தாலன்றி அது போகாது. இதனாலேயே இவ்வகைப் பொறிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது.

தொழிற்சாலையிலேயே துகள் வடிகட்டி பொருத்தப்பட்டுப் பேரளவில் விற்பனைக்கு வந்த முதல் மகிழுந்து 2000 ஆம் ஆண்டின் பெழோ 607 ஆகும். 2011 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் எல்லாப் புதிய மகிழுந்துகளுக்கும் யூரோ 5 விதிகள் பொருந்தியதால், டீசல் மகிழுந்துக்கு வடிகட்டி தவிர்க்க இயலாததாயிற்று.

நீக்கும் முறையும் விளைவும்

வடிகட்டியின் உலோகக் கூடு வெட்டித் திறக்கப்பட்டு, பீங்கான் உள்ளகம் அகற்றப்பட்டு, கூடு மீண்டும் பற்றவைக்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. பின்னர், அழுத்த உணரியின் அளவீடுகளைப் பொருட்படுத்தாமலும், கரியை எரிக்க முயலாமலும் இருக்குமாறு மென்பொருள் மாற்றப்படுகிறது. இழுதிறன் கூடும், எரிபொருள் மிச்சமாகும் என்று இதனைச் செய்வோர் கூறுவது ஓரளவு உண்மையே.

ஆனால் வடிகட்டி அடைபடுவது பல வேளைகளில் நோயன்று, நோயின் அறிகுறியே. ஒழுகும் எரிபொருள் தெளிப்பான், சிக்கிக்கொண்ட புகை மீள்சுழற்சி அடைப்பிதழ், பழுதான வெப்ப உணரி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கரியை மிகுதியாக்கியிருக்கும், அல்லது அது எரிவதைத் தடுத்திருக்கும். வடிகட்டியை எடுத்துவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையும். பழுது அப்படியே இருக்கும். கழற்றித் தூய்மை செய்வதற்குப் புதிய வடிகட்டியின் விலையில் ஒரு பகுதியே ஆகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

டீசல் புகை மாந்தரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012 சூனில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது குறிப்பிடத்தக்கது.

சோதனைகள்

பழைய சோதனைமுறை புகையின் ஒளிபுகாத் தன்மையை அளப்பதாகும். இக்காலப் பொறிகள் வெளியிடும் துகள்கள் மிகச் சிறியவை. அவை கண்ணுக்கும் இக்கருவிக்கும் சரிவரப் புலப்படுவதில்லை. ஆகவே உள்ளகம் நீக்கப்பட்ட மகிழுந்தும் தேறிவிடும். இச்செயல் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

ஐக்கிய இராச்சியத்தில் 2014 பெப்ரவரி முதல், வடிகட்டி இருக்கிறதா என்று பார்ப்பது எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில் சேர்க்கப்பட்டது. வெற்றுக் கூடு இதில் தப்பிவிடக்கூடும். 2018 மே முதல், வடிகட்டி உள்ள உந்திலிருந்து எந்த நிறத்திலேனும் புகை தென்பட்டால் தோல்வி என்று விதி கடுமையாக்கப்பட்டது. நீக்கப்பட்ட மகிழுந்தை ஓட்டுவோருக்கு 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம்.

முழு மாற்றம் துகள் எண்ணியால் வந்தது. பொறியை நிலையாக ஓடவிட்டு, புகைபோக்கியினுள் ஆய்வுக்குழாயைச் செலுத்தி, ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள துகள்களை இக்கருவி எண்ணுகிறது. பெல்சியம் 2022 சூலையிலும், நெதர்லாந்து 2023 சனவரியிலும், செருமனி 2023 சூலையிலும் இதனைத் தொடங்கின. செருமனியில் யூரோ 6 டீசல் மகிழுந்துகளுக்கான வரம்பு 2,50,000 துகள்கள். நல்ல வடிகட்டியுடன் ஓடும் மகிழுந்து இவ்வரம்புக்கு மிகக் கீழே நிற்கும். வடிகட்டியற்றது பல மடங்கு மேலே செல்லும். விரிசல் கண்ட உள்ளகமும் இதில் அகப்படும். இந்நாடுகளில், முந்தைய உரிமையாளர் செய்த நீக்கத்தை அறியாமல் பழைய மகிழுந்து வாங்கியவர், சோதனையில் தோற்ற பின் புதிய வடிகட்டியையும் மூல மென்பொருளையும் தம் செலவில் பொருத்த நேரிடுகிறது.

இந்தியாவில்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளால் டீசல் மகிழுந்துகளில் துகள் வடிகட்டி இடம்பெற்றது. நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் உந்துகளில் அடைப்புச் சிக்கலும் உடன் வந்தது. உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து உந்தை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆயினும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான டீசல் சோதனை ஒளிபுகாத் தன்மையை அளக்கும் முறையிலேயே அமைந்துள்ளது.